அவ நல்லா நடிச்சாவா சேர்?

நாலே நாலு சொல். கேட்ட பிள்ளைக்கு அந்த நாள் இப்போது ஞாபகம்கூட இருக்காது. எனக்குத்தான் ஒன்றரை வருடமாகத் தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி நிற்கிறது. சோற்றை உருட்டி விழுங்கியும் பார்த்தேன், வாழைப்பழம் விழுங்கியும் பார்த்தேன். இறங்குவதாக இல்லை. எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மட்டக்களப்பில் உயர்தர வகுப்பு, பாடம் நாடகமும் அரங்கியலும். பதினொரு பிள்ளைகள், அதில் எட்டுப் பேர் பெண் பிள்ளைகள். மாரி விட்ட காலம், மைதானத்தில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிக்காரர்கள் எப்படிச் சினிமாவுக்குள் போனார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், டி.பி. ராஜலட்சுமியில் வந்து நின்றேன். பழக்கம்தான். வருடா வருடம் நிற்கிற இடம் அது. கரும்பலகையில் வரிசையாக எழுதினேன்: தமிழ் பேசும் படத்தின் முதல் கதாநாயகி, 1931. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர், 1936. படத்தைத் தானே தயாரித்து, கதை எழுதி, இயக்கி, நடித்தவர். பட்டம் 'சினிமா ராணி'. பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதினார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் எழுதவில்லை. பேனையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ நல்லா நடிச்சாவா சேர்?"

"ஓம், நல்லா நடிச்சதாத்தான் சொல்லுறாங்க" என்றேன்.

"ஆரு சேர் சொன்ன?"

மணி அடித்தது. தப்பினேன். ஓய்வறைக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் விளங்கியது, இருபத்தேழு வருடமாக அந்தப் பெண்மணியைப் பற்றிப் படிப்பித்திருக்கிறேன், அவர் நடித்து ஒரு அங்குலம் படம் பார்த்ததில்லை. அவர் குரல் எப்படி என்று தெரியாது. அழும்போது முகத்தை மூடுவாரா, நிமிர்ந்து அழுவாரா, தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் 'முதல்' என்ற சொல்லும் அதன் பக்கத்தில் நிற்கிற ஆண்டுகளும்.

முதல், முதல், முதல்

அந்த 'முதல்' கூட இலேசான சங்கதி இல்லை. 'காளிதாஸ்' 1931 ஒக்டோபர் 31ல் சென்னையில் கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கிய படம், பம்பாயில் எடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா' அங்கே வந்திருந்தது, அந்தச் சூட்டோடு சூடாக. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். அரசகுமாரி தமிழில் கேட்க, மாப்பிள்ளை தெலுங்கில் மறுமொழி சொல்லியிருக்கிறார். ஏமாற்றி ஒரு முட்டாளுக்குக் கட்டிவைக்கப்பட்ட அரசகுமாரியின் கதை என்பதால் புருசன் பேசுவது விளங்காமல் இருந்தது பொருத்தம்தான் என்று வகுப்பில் பகிடி விடுவேன், பிள்ளைகள் சிரிக்கும். கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. தியாகராஜர் கீர்த்தனையும் வரும், காந்தியின் கைராட்டையைப் பற்றிய பாட்டும் வரும், குறத்தி நடனமும் வரும். ரீல் பெட்டிகள் சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்திறங்கியபோது ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம், தேங்காய் உடைத்து, பூப் போட்டு, சூடம் காட்டி.

எங்கள் பக்கத்தில் குளிர்த்திச் சடங்குக்குக் கண்ணகி அம்மனை எடுத்து வருகிற காட்சிதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் நினைவில் வரும். பெட்டிக்குள் இருப்பது பேசப் போகிறது என்று நம்பிப் பின்னால் நடந்த சனம். அந்தப் பெட்டிக்குள் இருந்த படத்தின் பிரதி ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட்டால் ஆனது. பட்டென்று தீப்பிடிக்கும், சூட்டிலும் ஈரக்காற்றிலும் கிடந்தால் பிசினாகி, பிறகு பொடியாகிவிடும். மிஞ்சியதையும் பலர் வெள்ளிக்காகக் கழுவி விற்றார்கள். பிலிமில் வெள்ளி இருக்கிறது, ஓடி முடிந்த படத்தில் அதுதான் பெறுமதியான சாமான். அவர் இயக்கிய 'மிஸ் கமலா'வும் இல்லை. புனேயில் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964ல். ராஜலட்சுமி இறந்ததும் 1964ல்தான். இந்த இரண்டு ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நான் பாடம் எடுத்ததில்லை. சோதனையில் வராது.

சரி, அவர் எப்படி வந்தார் என்பதையாவது நினைத்துப் பார்ப்போம். 1911ல் திருவையாற்றில் பிறந்தவர். சாஸ்திரி வீட்டுப் பிள்ளை. சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்தார்கள், அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. தகப்பனும் போய்விட, தாயும் மகளும் திருச்சிக்கு வந்தார்கள். சோற்றுக்கு வழி வேண்டும். பிள்ளைக்குக் குரல் இருந்தது. ஒருமுறை கேட்ட பாட்டைத் திருப்பிப் பாடிவிடுவார் என்று சொல்வார்கள். சாமண்ணா நாடகக் கம்பெனியில் பதினொரு வயதளவில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பிராமண வீட்டுப் பெண் கூத்தாடப் போனால் அந்த ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, எங்கள் ஊரில் இன்றைக்கும் பேசுவதைக் கேட்டாலே போதும்.

அந்த மேடைக் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளையின் கேள்விக்கு மறுமொழி இருந்தால் அங்கேதான் இருக்கும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரைடிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டும். அதனால் சுருதி ஏறி நிற்கும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடியது அந்த உச்சத்தில்தான் (அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது கொழும்பு மேடை என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு). அப்படிப் பழகிய தொண்டையைக் கொண்டுபோய்ப் பம்பாயில் ஒரு மைக்குக்கு முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? பின்னணிப் பாடகர்கள் வழக்கத்துக்கு வராத காலம். நடிக்கிறவரே நடிக்கும்போதே பாட வேண்டும். மைக் கமெராவில் படாத இடத்தில் தொங்கும், ஆர்மோனியமும் தபேலாவும் சட்டத்துக்கு வெளியே குந்தியிருக்கும். தலையைத் திருப்பினால் குரல் போய்விடும். ஆகவே, கொட்டகை முழுவதையும் பார்த்து நடித்துப் பழகிய ஒருவர், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிக்குக் குரலை அடக்கிக் கொடுத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் கொடுக்க வேண்டும். பெயர்பெற்ற மேடைக்காரர்கள் பலருக்கு இது வரவில்லை. ராஜலட்சுமிக்கு வந்திருக்கிறது. இல்லாவிட்டால் 1933ல் 'வள்ளி திருமணம்' அப்படி ஓடியிருக்காது, அடுத்த ஆண்டு 'திரௌபதி வஸ்திராபகரணம்' செய்ய அவரைத் தேடி வந்திருக்க மாட்டார்கள்.

இதைத்தான் அடுத்த வகுப்பில் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். காசு போட்டவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான், அதுதான் சாட்சி என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்திலும் நடிக்கத் தெரியாத ஆக்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடத்தானே செய்கிறார்கள் என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

சுபத்திரை மாமா

எங்கள் அம்மாவின் மூத்த அண்ணனை ஊரில் யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. சுபத்திரை என்பார்கள். வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நிற்கும் ஆறடி மனிசனைப் பார்த்து, "சுபத்திரை, தண்ணி திறந்து விட்டாச்சா?" என்று கேட்பார்கள். அவரும் ஓம் என்பார். 'பதின்மூன்றாம் போர்' கூத்தில் அவர் அபிமன்னனின் தாய் சுபத்திரையாக ஆடினார். ஒரு தடவை அல்ல, இருபது வருடம். வேறு கொலு, அதாவது வேடம், எதுவும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவர் கேட்கவுமில்லை.

கூத்துத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அருவி வெட்டு (நெல்லறுவடை) முடிந்தால் சட்டம் கொடுப்பார்கள் (அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பது), பிறகு மாதக்கணக்கில் பழக்கம், கிழமைக் கூத்து, சதங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது, கடைசியில் அரங்கேற்றம். பழக்கம் நடப்பது வீட்டு வளவில். இங்கேதான் எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து அவள் வீட்டில் குந்துகிறவன். குடி தாய்வழி. வாக்குரிமையும் 1931லேயே கிடைத்துவிட்டது, ராஜலட்சுமி திரையில் வாய் திறந்த அதே ஆண்டு. அம்மம்மா ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஆனால் சொந்த வளவில், சொந்த மாமரத்துக்குக் கீழே போட்ட களரியில், கூத்தாடுகிற அந்த வட்டத்தில், அவ காலெடுத்து வைக்க முடியாது. சுபத்திரையும் ஆண், திரௌபதையும் ஆண், உத்தரையும் மீசை மழித்த ஆண்.

அதற்காக அம்மம்மா சும்மா இருந்தா என்று நினைக்கக் கூடாது. அவவுக்குக் கூத்து முழுக்கப் பாடம். உரலில் இடிக்கும்போது தர்மர் வரவுத் தாளத்துக்கு உலக்கை போடுவா. பழக்கம் நடக்கும்போது குசினி வாசலில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டே, "அடி பிசகிற்று" என்று ஒரு சத்தம் கொடுப்பா. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு, ஒன்றும் கேட்காதவர் மாதிரி, "மறுகா ஒருக்கா ஆடுங்க" என்பார். அவ ராஜலட்சுமியின் வயதுக்காரி, ஒன்றிரண்டு கூடக்குறைய. பிறந்த ஆண்டு அவவுக்கே சரியாகத் தெரியாது.

மாமா நல்ல ஆட்டக்காரரா? எல்லோரும் சொல்வார்கள். அபிமன்னன் இறந்த செய்தி வந்து சுபத்திரை களரிக்குள் வரும்போது பெண்கள் பக்கம் இருந்து அழுகை எழும்பும் என்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது எனக்கு ஆறோ ஏழோ வயது. விடியப்புறம் மூன்று மணிக்கு வருகிற சுபத்திரைக்காக யாரும் என்னை எழுப்பவில்லை. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் சேலையும் கொண்டையுமாக ஒரு உயரமான உருவம் சுற்றிவந்து, சுற்றின் பாதியில் நின்று, தோளுக்கு மேலால் பின்னுக்குத் திரும்பிப் பார்த்தது மட்டும் ஒரு துண்டு ஞாபகம். அது நான் கண்டதா, பிறகு கேட்டதைக் கண்டதாக நினைத்துக்கொண்டேனா, சத்தியம் செய்ய மாட்டேன். இந்த விசயத்தில் நாங்கள் மட்டக்களப்பார் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். கல்லடிப் பாலத்தில் மீன் பாடியதைக் கேட்டதாகச் சொல்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர், கேட்டவர் சொல்லக் கேட்டவர்கள்.

1978 நவம்பர் 23. சூறாவளி. அந்தக் கதை எல்லா வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டில் கூரை முழுதாகப் போனது. வளவில் நின்ற தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணாவியார் வீட்டில் பெட்டகத்துக்குள் இருந்த கூத்துக் கொப்பிகள் மூன்று நாள் தண்ணீரில் ஊறி, காயவைத்தபோது ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிட்டன. எழுத்து மை ஓடி நீலக் கறையாகக் கிடந்தது. அவர் அழுதார் என்று அம்மா சொல்வா. எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகு நடந்தது. நிவாரணமாகக் கிடைத்த அப்பியாசக் கொப்பிகளில் இரண்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்கள். எனக்குப் பத்து வயது, எழுத்து வடிவாக இருக்கும். கிடுகு போட்ட கொட்டிலில் அண்ணாவியாரும் மாமாவும் இன்னும் மூன்று பேரும் வட்டமாகக் குந்தி, பதின்மூன்றாம் போரை முதலிலிருந்து பாடினார்கள். நான் எழுதினேன். ஒரு இடத்தில் அடி மறந்துபோனால் எழும்பி ஆடிப் பார்ப்பார்கள், கால் போகும்போது பாட்டு வந்துவிடும். அப்படியும் வராத ஓரிடத்தில் எல்லோரும் முழித்துக்கொண்டிருக்க, அடுப்படியில் இருந்து அம்மம்மா அந்த இரண்டு வரியைச் சொன்னா. யாரும் ஒன்றும் பேசவில்லை. அண்ணாவியார் என்னைப் பார்த்து, "எழுது மனே" என்றார்.

ஐந்து இரவில் கூத்து திரும்பி வந்தது. அந்தக் கொப்பி 1990ல் நாங்கள் ஊரை விட்டு ஓடியபோது போனது வேறு கதை. அதற்குள் நாலைந்து பேர் பார்த்து எழுதிவிட்டிருந்தார்கள்.

'மிஸ் கமலா'வை இப்படி ஐந்து பேர் குந்தியிருந்து திருப்பிப் பாட முடியாது. பாட்டுப் புத்தகம் கிடைத்தாலும் முடியாது. நான் சின்ன வயதில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கிச் சேர்த்தவன், அதில் என்ன இருக்கும் என்று தெரியும். பாட்டு இருக்கும், முன்பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும், கடைசியில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று இருக்கும். மீதி என்று அவர்கள் சொன்னதுதான் ராஜலட்சுமி செய்தது முழுவதும்.

கட் சொன்னது யார்

திரும்பவும் அந்தப் பிள்ளைதான். இரண்டாம் தவணை. 'மிஸ் கமலா' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்வோம் என்று தயார்பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவர் எழுதிய 'கமலவல்லி' என்ற கதையிலிருந்து எடுத்த படம், ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற சொந்தக் கம்பெனி, வயது சுமார் 25, பிறந்த மகளுக்கும் கமலா என்று பெயர் வைத்தார் என்றெல்லாம். அவர் தனியாளாக வானத்திலிருந்து குதிக்கவில்லை என்பதையும் சொன்னேன். வடக்கே பாத்மா பேகம் 1926லேயே படம் இயக்கியிருக்கிறார். சென்னையில் மீனா நாராயணன் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அவள் கை உயர்த்தினாள்.

"அவவே நடிச்சா, 'கட்' ஆரு சேர் சொன்ன?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். உதவி இயக்குநர் சொல்லியிருப்பார், கமெராக்காரர் சொல்லியிருப்பார் என்றேன். "அவங்க 'கட்' எண்டு சொல்லுவாங்க. சரியோ பிழையோ எண்டு ஆரு சொல்ற?" என்றாள்.

ஒன்றரை வருடத்தில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். இப்போது கமெராவுக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கும், எடுத்ததை உடனே ஓடவிட்டுப் பார்க்கலாம். அப்போது இல்லை. கழுவிப் பிரதி போட்டு வந்த பிறகுதான் தெரியும். இயக்குநர் கமெராவுக்குப் பக்கத்தில் நின்று தன் கண்ணால் பார்த்ததை நம்பித்தான் 'ஓகே' சொல்வார். ராஜலட்சுமி நிற்பதோ கமெராவுக்கு முன்னால். அவருக்குத் தன் முகம் தெரியாது. உள்ளுக்குள் இருந்துகொண்டு, இப்போது என் தோள் எவ்வளவு திரும்பியது, குரல் எங்கே உடைந்தது, எதிரில் நிற்பவர் எங்கே பிந்தினார் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே கணக்கு வைத்துக்கொண்டு, முடிந்தவுடன் தன் ஆட்களைப் பார்த்துச் 'சரி' என்றோ 'இன்னொன்று' என்றோ சொல்லியிருக்க வேண்டும். காசும் அவருடையது. ஒவ்வொரு 'இன்னொன்று'க்கும் அவர் பிலிமே ஓடும்.

இதற்கு எந்தப் பம்பாய்க்காரரும் அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்க முடியாது. மேடை கொடுத்திருக்கும். ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறை தமிழ்நாட்டில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு ஊரிலிருந்து வள்ளி வருவார், இன்னொரு ஊரிலிருந்து முருகன் வருவார், மூன்றாவது ஊரிலிருந்து நாரதர். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் கதையும் பாட்டும் பாடம், மேடையில் ஏறித்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு தர்க்கப் பாட்டில் இறங்கி, அவர் சுருதி எங்கே, தாளம் எங்கே, எங்கே என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று ஆடிக்கொண்டே அளப்பதுதான் அந்தத் தொழில். அந்தக் காலத்து நடிகை நடிக்கும்போதே பாதி இயக்குநர். பட்டியலில் 1936ல் திடீரென்று 'இயக்குநர்' என்று வருகிறதே, அது திடீரென்று நடந்ததல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மம்மா குசினி வாசலில் இருந்து அடி பிசகைக் கண்டுபிடித்த மாதிரி, இவர் களரிக்குள்ளேயே நின்று கண்டுபிடித்திருப்பார். வித்தியாசம், இவருக்கு உரத்துச் சொல்ல ஒரு கம்பெனி இருந்தது.

கம்பெனி நெடுநாள் நிற்கவில்லை. 'மதுரை வீரன்' என்று இன்னொரு படம் எடுத்தார். 1938ல் 'நந்தகுமார்' படத்தில் யசோதையாக நடித்தார். சின்னக் கிருஷ்ணனாக வந்த பையன்தான் டி.ஆர். மகாலிங்கம். முதல் கதாநாயகி ஏழே வருடத்தில் தாயாகிவிட்டார், வயது 30ஐத் தொடவில்லை. சினிமாவில் சேர்த்த சொத்து சினிமாவிலேயே கரைந்தது. இதில் புதினம் ஒன்றும் இல்லை, அந்தத் தலைமுறையில் பாதிப் பேரின் கதை இதுதான். கடைசிக் காலத்தில் பக்கவாதம். விரைந்து சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு நடிகையின் கடைசிக் காலத்தைப் பற்றி எழுதுவதென்றால் தனி ருசி. அந்தப் பிள்ளை அதைக் கேட்கவே இல்லை.

களரி

சென்ற வருடம் பாடசாலையில் கூத்துப் பழக்கினோம். எங்கள் இடத்தில் இது புதுமை இல்லை. 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுபோனதும், அதில் ஆடிய மௌனகுரு பிறகு அதையே தன் வாழ்நாள் வேலையாக்கியதும், சீலாமுனையில் ஜெயசங்கரும் ஊராரும் சேர்ந்து கூத்தை ஊருக்குள்ளேயே வைத்து மீளுருவாக்கம் செய்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. பெண் பிள்ளைகள் ஆடுவதும் இப்போது சாதாரணம். ஆனாலும் சுபத்திரையை யார் ஆடுவது என்று வந்தபோது ஒரு பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அழுற பாட்டு சேர், பொம்புளப் பிள்ளைக்குத் தொண்டை காணாது, ஒரு பொடியனுக்குக் குடுங்க" என்றார். பெண்ணின் அழுகைக்குப் பெண் போதாது என்று அவர் உண்மையாகவே நம்பினார். கெட்ட மனிசன் அல்ல. நான் கடைசி வாங்குப் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

இப்போதைய அண்ணாவியார் நாற்பது வயதுக்காரர், பகலில் ஓட்டோ ஓட்டுவார். மேடையில் வேண்டாம், மைதானத்தில் வட்டக்களரி போடுவோம், மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார். அதனால் சனத்துக்குப் பின்வரிசையில் ஒன்றும் கேட்கவில்லை என்ற முறைப்பாடும் வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. நாலு மணித்தியாலமாகச் சுருக்கியிருந்தோம். அம்மாவைக் கதிரை போட்டு முன்னுக்கு இருத்தியிருந்தேன். எண்பது கடந்துவிட்டது, ஒரு கண்ணில் கட்டராக் எடுத்தாயிற்று, மற்றக் கண்ணில் இன்னும் எடுக்கவில்லை. பாதி நேரம் தூங்கி விழுந்தா.

சுபத்திரை வந்தாள். வெறுங்காலில் சதங்கை, மஞ்சள் சேலை. குரல் அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி இரண்டு இடத்தில் கம்மியது. பிற்பாட்டுக்காரர் தாங்கிப் பிடித்தார்கள். அவள் சுற்றி வந்தாள். சுற்றின் பாதியில் நின்றாள், கால் நின்ற பிறகும் சதங்கை ஒரு கணம் அடங்காமல் கிடந்தது, பிறகு தோளுக்கு மேலால் பின்னுக்குத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா என் கையைப் பிடித்தா. "அண்ணன்ட திரும்பல்" என்றா. "எங்கட அண்ணன்ட திரும்பல் அப்பிடியே கிடக்கு."

மாமா செத்து முப்பது வருடத்துக்கு மேல். அவரை அந்தப் பிள்ளை கண்டதில்லை. அந்தப் பிள்ளையின் தாய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. கூத்து முடிந்து சனம் கலைந்த பிறகு அண்ணாவியாரிடம் போய், அந்தத் திரும்பல் யார் சொல்லித்தந்தது என்று கேட்டேன். மத்தளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டே, "பொம்புளைக்கு இப்பிடித்தான் எண்டு எனக்குப் பழக்கினவர் காட்டின சேர். வேற தெரியா" என்றார். அவருக்குப் பழக்கியவர் சின்ன வயதில் அபிமன்னனாக ஆடியவர். மாமாவுக்கு மகனாக. அதுவரைக்கும் கணக்குச் சரியாக வருகிறது. ஆனால் அம்மாவுக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது, தூக்கக் கலக்கம், இறந்துபோன அண்ணன் மேல் பாசம். எந்த உயரமான பிள்ளை சேலையில் நின்று திரும்பினாலும் அவவுக்கு அண்ணனாகத்தான் தெரிந்திருக்குமோ என்னவோ. வரும் வழியில் ஓட்டோவுக்குள் வைத்து, "மாமா உண்மையிலேயே நல்லா ஆடுவாரா?" என்று கேட்டேன். அவ வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. "அவன் திரும்பினா நானும் திரும்பிப் பார்ப்பன், பின்னுக்கு ஆரும் நிக்கிறாங்களோ எண்டு" என்றா.

ராஜலட்சுமி எப்படித் திரும்பினார்? அவர் மேடையில் வள்ளியாக நின்று கவண்கல் வீசியதைப் பார்த்து எந்தச் சிறுமி தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் செய்து பார்த்தாள், அவள் பிறகு எந்தப் படத்தில் யாருக்குத் தோழியாக வந்தாள், அதைப் பார்த்து யார் எடுத்தார்கள்? பழைய படங்களை இப்போது யூரியூப்பில் பார்க்கும்போது நான் கதாநாயகியைப் பார்ப்பதில்லை. பின்னுக்கு நிற்கிற பெண்களின் கையைப் பார்க்கிறேன். வீட்டில் பகிடி பண்ணுகிறார்கள்.

போன கிழமை, தவணை முடிவதற்கு முன் இன்னொரு இடத்தில் ஆடக் கேட்டிருந்தார்கள், அதற்காகப் பிள்ளைகளை மறித்துவைத்திருந்தேன். நாலு மணி. அண்ணாவியாருக்கு ஏறாவூருக்கு ஒரு ஹயர் கிடைத்துவிட்டது, பிந்தும் என்று போன் எடுத்தார். பிள்ளைகள் மரத்துக்குக் கீழே குந்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வரவுப் பதிவேட்டை முடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தபோது உள்ளே சதங்கைச் சத்தம் கேட்டது. மத்தளம் இல்லை, சல்லரி இல்லை. அவள் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். தாளக்கட்டையும் தானே சொல்லி, பாட்டையும் தானே பாடி, பிற்பாட்டையும் குரலைத் தாழ்த்தித் தானே பாடிக்கொண்டு சுற்றிவந்தாள். பாதிச் சுற்றில் நின்றாள். திரும்பினாள். என்னைக் காணவில்லை.

"பிழை" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போய் வாசலில் நின்று, மறுபடி வரவுத் தாளத்திலிருந்து தொடங்கினாள்.